ஆறு பெட்டியும் பேசட்டும்

தம்பி,

இதை நீ மட்டும் படிப்பதற்காக நான் எழுதவில்லை. அப்படியானால் உன் போனுக்கே அனுப்பியிருப்பேன். நீயும் இரண்டு வரி பார்த்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற அந்தப் பொம்மையைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போயிருப்பாய். நம் வணிகர் சங்கத்தின் பொங்கல் மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். எப்போதும் நான் விளம்பரம் மட்டும்தான் கொடுப்பேன். இந்த முறை "மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்" என்றேன். செயலாளருக்குச் சந்தோஷம். பண்பு, பாசம், பெரியோரை மதித்தல் என்று ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடை வைத்திருக்கிற அத்தனை பேர் கைக்கும் இந்த மலர் போகும். அதனால்தான் இதில் எழுதுகிறேன். பொங்கல் கழிந்து நடக்கப்போகிற உன் கம்பெனிக் கூட்டத்துக்கு முன்பே, நீ இத்தனை நாள் உழைத்துச் செய்த வேலையை நீயாகவே வாபஸ் வாங்கப் போவதாகப் போனில் சொன்னாய். வாங்காதே என்று நானும் போனிலேயே சொன்னேன். நீ "ம்" என்றாய். உன் "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போது ஊர் முன்னால் சொல்கிறேன்: வாங்காதே.

என்ன வேலை என்று படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். நீ பெங்களூரில், பிரவுசர் செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாய். பிரவுசர் என்பது கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பார்க்க நாம் திறக்கிறோமே, அந்த வாசல். சினிமாவின் சத்தம் இப்போதெல்லாம் ஆறு ஸ்பீக்கர் பெட்டிக்குத் தனித்தனியாகப் பிரிந்து பதிவாகிறது. முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, நெஞ்சை அதிர வைக்க ஒரு வூஃபர். ஆறையும் அப்படியே அனுப்பினால் லைன் தாங்காது என்று இறுக்கி மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். மூட்டை கட்டுகிற அந்த முறைக்குப் பெயர் கோடெக். கட்டின விதம் தெரிந்தவன்தான் அவிழ்க்க முடியும். விலை கூடின டிவிகளுக்கு அது தெரியும். பிரவுசருக்குத் தெரியாது. ஆகவே படம் காட்டுகிற வலைத்தளங்கள், பிரவுசரில் பார்க்கிறவர்களுக்கு மட்டும் இரண்டு பெட்டிச் சத்தத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுகின்றன. சில நேரம் அதுவும் கிடையாது. வாய் அசையும், சத்தம் வராது. அந்த மூட்டையை வாங்கிக்கொள்ளப் பிரவுசருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் உன் வேலை. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் நீ சொன்னதெல்லாம் என் தலைக்கு மேலே போனது. நான் கடைக்காரி. சரக்கு என்ன செய்யும், என்ன செய்யாது, வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார், இது தெரிந்தால் எனக்குப் போதும்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் நான் பாட்டு செட்டு விற்கிற கடை போட்டபோது நீ ஒன்றாம் வகுப்பு. உன் அப்பா விழுப்புரத்தில் இன்னொருவர் கடையில் டேப் ரிக்கார்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க பிரிச்சி மாட்டிக்கினே இருங்க, நான் வித்துக்கினே இருக்கறேன்" என்று சொல்லித்தான் அவரை அந்தக் கடையிலிருந்து கிளப்பினேன். சரக்கு எடுக்க மெட்ராசுக்குப் போனேன். மொத்தக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, திண்டிவனமா? ஊர்ப்பக்கத்துக்கு ஒத்தப் பொட்டி செட்டு போதும்மா. ரெண்டு பொட்டியெல்லாம் இங்க மெட்ராஸ்ல இருக்கறவங்க வாங்கறது" என்றார். நான் கேட்டேன்: "உங்க வூட்ல எத்தினி பொட்டிங்க?" அவர் சிரித்துவிட்டார். "எங்க வூடு வேறம்மா." "எங்க ஊரும் வேறதாங்க. ரெண்டு பொட்டி செட்டே போடுங்க" என்றேன். போட்டார். விற்றது. ஒன்று சொல்ல வேண்டும், வாங்கிப் போனவர்கள் அதை எப்படி வைத்தார்கள் என்று பார்த்தால் உனக்கே தலை சுற்றும். ஒரு பெட்டி கூடத்தில், இன்னொரு பெட்டி ஜன்னலில் தெருவைப் பார்த்து. ரெண்டும் உங்களைப் பார்க்க வேண்டும் என்று நான் கத்துவேன். கிளியனூர்க்காரர் ஒருவர் சொன்னார்: "அத்த நாங்க அறியமாட்டமா? எதிர்வூட்டுக்காரனுக்குக் கேக்கலன்னா நான் செட்டு வாங்கி இன்னா பிரயோஜனம்?" அதுவும் ஒரு நியாயம்தான். அன்று மெட்ராசில் நான் கேட்ட அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எவ்வளவோ இடத்தில் கேட்டுவிட்டேன். உனக்கு இது போதும் என்று யார் சொன்னாலும், சொல்கிறவர் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடு. கோபமாகக் கேட்காதே, விலை விசாரிக்கிற மாதிரி கேள்.

ஆறு பெட்டிக் காலம் வந்தபோது நாம் விழுப்புரத்துக்கு வந்துவிட்டோம். அப்பா போர்டு வாங்கி ஆம்ப்ளிஃபையர் கட்டுவார், பெட்டிகளை ஆசாரியிடம் செய்து வாங்குவோம். அப்போதுதான் வல்லத்து ஏழுமலை நம் கடைக்கு வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நல்ல விலைக்குப் போன வருடம் அது. செட்டை வாங்கிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து நின்றார்கள். அஞ்சலை கடைக்குள் காலை வைக்கும்போதே சண்டைதான்.

"யக்கா, இன்னா செட்டுக்கா குடுத்தீங்க? அவுருக்கு மட்டும் எல்லாரும் பேசறாங்க. எனுக்கு மழ பெய்யிது, காக்கா கத்துது, ஜனங்க கை தட்டுது. எதுக்குக் கை தட்டறாங்கன்னே தெரியல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பின்பொட்டி ரெண்டையும் எங்க மாட்டினீங்க?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"அடுப்பங்கரையிலதாம்மா. அதுவும் கேக்கட்டுமேன்னு பாசமா மாட்டனேன். அதுக்குத்தான் இந்தப் பேச்சு."

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். சினிமாவில் பேசுகிற பேச்செல்லாம் நடுப் பெட்டியில் வரும். பின் பெட்டிகளில் மழையும் காற்றும் கூட்டமும்தான் வரும் என்று நான் விளக்கினேன். அஞ்சலை சிரிக்கவில்லை. "அப்ப அந்த நடுப்பொட்டிய எனுக்குக் குடுக்கச் சொல்லுங்க. அவுரு ஒரு வருசத்துக்கு மழையக் கேக்கட்டும்" என்றாள். அவளைக் கடையில் சோதித்துப் பார்க்கிற இடத்தில், ஆறு பெட்டிக்கும் நடுவில் உட்காரவைத்தேன். அப்பா ஒரு படத்தைப் போட்டார். பின்னாலிருந்து யாரோ ஓடி வருகிற காட்சி. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பிறகு அசையவில்லை. படத்தை நிறுத்தியபிறகும் எழுந்திருக்கவில்லை. ஏழுமலை "போலாமா, பஸ்ஸு பூடும்" என்றார். "சும்மா இரு" என்றாள். "இது ஒக்காந்து கேக்கற சாமான்னு மொதல்லியே ஏன் சொல்லல? நின்னுக்கினு கேக்கறதுன்னு நெனச்சிக்கினேன்." அதற்கு அப்புறம் ஏழுமலை எப்போது வந்தாலும் ஒரு புகார்: "ஞாயித்துக்கெழமன்னா விடியறதுக்குள்ள கொழம்ப எறக்கிடுதும்மா. நடுவுல அது ஒக்காந்துக்குது. நான் பணம் குடுத்து வாங்கிட்டு ஓரத்துல குந்திக்கினு கீறேன்." புகார் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

நான் இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உன் கம்பெனியில் "பயனர்" என்று ஒரு சொல்லைச் சொல்கிறார்களே, அந்தப் பயனர் அஞ்சலைதான். அவளுக்கு முகம் இருக்கிறது, வாய் நிறையவே இருக்கிறது. சமையலறையில் நின்று மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு தடவை நடுவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு அவளிடம் போய் எனக்கு மழையே போதும் என்று சொல்லச் சொல்லிப் பார். துடைப்பத்தால்தான் பதில் வரும்.

பிறகு டிவிடி காலமும் போயிற்று. ஏழுமலை மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவச லேப்டாப் கொடுத்தது. கேபிள்காரர் ஊருக்குள் நெட் லைன் இழுத்தார். படத்தை லேப்டாப்பில், பிரவுசரில் திறந்து, ஒரு வயரை எடுத்து நம் செட்டில் செருகிப் பார்த்திருக்கிறார்கள். முன்னால் இருக்கிற இரண்டு பெட்டி மட்டும் பேசுகிறது; நடு, பின், வூஃபர் எல்லாம் ஊமை. ஏழுமலை ஆம்ப்ளிஃபையரையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு, அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு வந்தார். நீ தீபாவளிக்கு வந்திருந்த சமயம், கடையில்தான் இருந்தாய். "கடக்காரம்மா, உங்க செட்டு படுத்துக்கிச்சு" என்று வாசலிலேயே சத்தம். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் செட்டு படுத்துக்கிச்சு என்று நம் வாசலில் ஒருவர் சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை. உன் அப்பா திறந்து பார்த்தார், மூடினார், நான் கத்தினதில் திரும்பவும் திறந்தார். பழைய டிவிடி ஒன்றைப் போட்டதும் ஆறும் பேசின. அப்புறம் நீ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாய்: "அண்ணா, செட்டு நல்லாத்தான் இருக்குது. பிரவுசர்தான் ரெண்டுக்கு மேல வாங்க மாட்டேங்குது."

"யாரு தம்பி அது? நம்பர் இருந்தா குடு, நான் பேசறேன்" என்றார் ஏழுமலை.

நீ சிரித்தாய். "நான்தாண்ணா அது. நான் அந்த மாதிரிக் கம்பெனியிலதான் வேல பாக்கறேன்."

அஞ்சலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நீதானா? அப்ப இன்னாத்துக்குச் சிரிக்கற? ஜல்தியா சரி பண்ணிக் குடு."

"பண்ணித் தர்றேன்க்கா" என்றாய்.

அவர்கள் போனபிறகு உன்னைத் திட்டினேன். "வாக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உன் மொதலாளியக் கேட்டியா?" என்றேன். "கேக்கலம்மா" என்றாய். அறிவில்லாத வேலை. வியாபாரத்தில் கையில் இல்லாத சரக்குக்கு யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இருந்தாலும், இத்தனை வருடத்தில் நீ செய்த அறிவில்லாத காரியங்களில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ஏனென்றால் நீ அதைப் பெங்களூர் போனதும் மறந்துவிடவில்லை. கம்பெனி கொடுத்த வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் இதை எடுத்தாய். பிறகு மேலே கேட்டு, சரி செய்துபார் என்று அவர்களையே சொல்லவைத்தாய். ஊருக்கு வந்தபோதெல்லாம் எனக்குச் சொன்னாய். அந்தக் கோடெக்குக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவிழ்க்கிற கருவியைப் பிரவுசருக்குள்ளேயே வைத்தால் அவர்கள் உரிமைத்தொகை கேட்பார்கள், இலவசமாகக் கொடுக்கிற பிரவுசரால் அது முடியாது என்றாய். அதனால் நீ வேறு வழி பிடித்தாய். பெரும்பாலான கம்ப்யூட்டரில் அவிழ்க்கிற கருவி முன்பே இருக்கிறது. அல்லது வயரின் மறுமுனையில், நம் ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கிறது. பிரவுசர் அதனிடம் கேட்டால் போதும். இருக்கிறது என்றால் மூட்டையைப் பிரிக்காமல் கொடுத்துவிட வேண்டும், இல்லை என்றால் இல்லை என்று வலைத்தளத்துக்குச் சொல்லிவிட வேண்டும். நேர்த்தியான ஏற்பாடு.

இப்போது இருக்கிற பிரவுசரிடம் இந்த மூட்டையை அவிழ்க்கிற வழி உன்னிடம் இருக்கிறதா என்று வலைத்தளம் கேட்டால், அது "இருக்கலாம்" என்று பதில் சொல்லும் என்றாயே, அன்று எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கடையில் நின்றுகொண்டு "வூஃபர் இருக்குதாம்மா?" என்று கேட்கிறவரிடம் "இருக்கலாம்" என்று நான் ஒரு தடவை சொன்னால் போதும், எதிர்க்கடைக்காரர் எனக்கு மாலை போடுவார். உண்டு, இல்லை என்று சொல்கிற பிரவுசரை நீ செய்திருக்கிறாய். அந்த ஒன்றுக்காகவே உனக்குச் சம்பளம் ஏற்ற வேண்டும்.

செய்து முடித்தாய். உன் மேசையில் ஆறு பெட்டியும் பேசின என்று போன் செய்தாய். குரலே வேறாக இருந்தது. அப்புறம்தான் உன் மேலாளர் உன்னைக் கூப்பிட்டுப் பேசினார். பிரவுசரில் ஆறு பெட்டி வைத்துக் கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. எல்லாக் கம்ப்யூட்டரிலும் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். உரிமைத்தொகை கேட்காத புதிய கோடெக் ஒன்று வந்துகொண்டிருக்கிறது, அதற்குக் காத்திருக்கலாம். இவை அவர் சொன்ன காரணங்கள். இவற்றை நான் கேலி செய்யவில்லை. அவரும் வியாபாரம்தான் செய்கிறார். புதியது வரட்டும், அதையும் வரவேற்போம்; ஆனால் இன்றைக்குக் குடோனில் கிடக்கிற படமெல்லாம் பழைய மூட்டையில்தானே கட்டியிருக்கிறது என்று நீயே சொன்னாய். கேட்கிறவர்கள் குறைவு என்பதும் சரிதான். கொடுக்காத சரக்கை எப்படி நிறையப் பேர் கேட்பார்கள்? இது வரைக்கும் வாதம். வாதத்தில் யாரும் ஜெயிக்கலாம், தோற்கலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிற கூட்டத்துக்கு முன்னால் நீயாகவே இதை வாபஸ் வாங்கிக்கொள், வாங்கும்போது "பயனர்களிடம் இதற்குத் தேவை இல்லை" என்று ஒரு வரி எழுதிவிடு, உன்னை வெளிநாட்டு ஆபீசுக்கு அனுப்புகிற பேச்சு சுமுகமாக நடக்கும் என்றாராம். நான் அப்போதும் என் பழைய கேள்வியைத்தான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "அவுரு வூட்ல எத்தினி பொட்டி?" நீ முதலில் பேச்சை மாற்றப் பார்த்தாய். அப்புறம், "ஆறு இருக்குதும்மா. பெரிய டிவி" என்றாய்.

பார்த்தாயா? விலை கூடின டிவி வாங்கினவருக்கு ஆறு பெட்டியும் பேசும். இலவச லேப்டாப்பில் பார்க்கிற அஞ்சலைக்கு இரண்டு போதும். அவள் வீட்டில் பெட்டி ஆறு இருக்கிறது, ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அவிழ்க்கிற போர்டு இருக்கிறது, சத்தமும் அந்த வலைத்தளத்தில் இருக்கிறது. நடுவில் நிற்கிற வாசல் ஒன்றுதான் திறக்கவில்லை. திறக்கிற சாவியை நீ செய்து கையில் வைத்திருக்கிறாய். வைத்துக்கொண்டு, அவளுக்குத் தேவை இல்லை என்று நீயே கையெழுத்துப் போடப் போகிறாய். யாருக்குத் தேவை இல்லை, தம்பி? ஜல்தியா சரி பண்ணிக் குடு என்று உன் முகத்துக்கு நேரே கேட்டவளுக்கா?

அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கும் நீயாகத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் வேலை நடக்காதுதானே என்கிறாய். மல்லாட்டை ஏலம் போடுகிற கமிட்டியில் போய் நின்று பார். மூட்டையைக் குத்திப் பார்த்து ஒரு வியாபாரி வேண்டாம் என்று போனால், சரக்குக்காரர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். அடுத்த ஆள் வருவார், அடுத்த வாரம் வரும், மூட்டை மூட்டையாகவே இருக்கும். அதே சரக்குக்காரர் தன் வாயால் "இதுல மண்ணு கலந்திருக்குது" என்று சொல்லிவிட்டால் அந்த மூட்டையை அப்புறம் எந்த வியாபாரியும் தொடமாட்டார். நீ செய்ததை அவர்கள் தள்ளினால், உங்கள் ஆட்கள் எல்லோரும் நெட்டில் பார்க்கிற வேலைப்பதிவுப் பக்கத்தில் அது தள்ளப்பட்டதாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில் வேறு ஒருவன் தேடிக்கொண்டு வந்து, இங்கேவரைக்கும் ஒருவன் வந்திருக்கிறான் என்று பார்த்து மேலே எடுத்துப்போவான். நீயே தேவை இல்லை என்று எழுதிவிட்டால், அவன் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். அவனையும் சேர்த்துத்தான் நீ திருப்பி அனுப்புகிறாய்.

எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் கண்ணைக் கசக்காதே. எங்க ஊரு, எங்க அம்மா என்று என் கதையையும் எடுக்காதே. பரிதாபத்துக்கு விற்ற சரக்கு திரும்பி வந்துவிடும். பேச்சைக் குறை. ஒரு அறையில் ஆறு பெட்டியை வை. ஒரே காட்சியை முதலில் இன்றைய பிரவுசரில் ஓட்டு, பிறகு உன்னுடையதில் ஓட்டு. மறுக்கிறவர்களையே நடுவில் உட்காரவை. உரிமைத்தொகை பற்றிக் கேட்டால் ஒரு பைசா செலவில்லை என்று உன் ஏற்பாட்டைக் காட்டு. சோதிக்க ஆள் இல்லை என்றால், முதலில் ஒரே ஒரு வகைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் திறந்துவிடச் சொல். முழுக் கடையையும் கேட்காதே, ஒரு ஷட்டரைக் கேள். அதற்கும் மாட்டோம் என்றால், "நீங்கள் மாட்டோம் என்றீர்கள் என்றே எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வா. அப்படி வருகிற நாளில் நீ தலை குனிய வேண்டியதில்லை. ஏழுமலை கேட்டால் நானே சொல்லிக்கொள்வேன்: எங்க பையன் நின்னான், அவங்க குடுக்கல. அதைச் சொல்ல எனக்கு வாய் வரும். தேவை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படி ஒன்று நடந்தால் நீயே பஸ் ஏறி வல்லத்துக்குப் போய் அஞ்சலையிடம் சொல்லிக்கொள்.

இவ்வளவு எழுதியும் உன்னை எது பிடித்து இழுக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வைகாசியில் உனக்குக் கல்யாணம். பெண் கலைச்செல்வி, இதே விழுப்புரத்தில் ஒரு லேபில் ரத்தம் சோதிக்கிற வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வெளிநாடு போகிறார் என்று சம்பந்தி வீட்டில் போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு பொய்யாகிவிடுமே என்றுதான் நீ பயப்படுகிறாய். என்னிடம் நீ சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இல்லை. அதனால் போன வாரம் பூ, பழம், வெற்றிலை எல்லாம் எடுத்துக்கொண்டு நானே அங்கே போனேன். உட்கார்ந்ததுமே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "சம்பந்தி, பையன் வெளிநாடு போறது சந்தேகங்க. முன்கூட்டியே சொல்லிட்டா நல்லதுன்னு வந்தேன்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஏங்க, வேலையில எதனா பேஜாராயிட்சா?" என்றார். ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பொட்டியில கேட்டா இன்னாங்க, ஆறு பொட்டியில கேட்டா இன்னாங்க? இதுக்குப் போயி யாராவது ஃபாரின் சான்ஸ விடுவாங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "அந்தப் பொட்டி வித்துதாங்க அவனப் படிக்க வெச்சேன்" என்றேன். அவர் வெற்றிலைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். சம்பந்தம் இன்றோடு முடிந்தது என்றே நினைத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டேன். முடிந்தாலும் முடியட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

அப்போது, உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கலைச்செல்வி காபி எடுத்துக்கொண்டு வந்தாள். டம்ளரை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அத்தை, அவரு இன்னும் வாபஸ் வாங்கலையா?" என்றாள்.

"இன்னும் வாங்கலம்மா. வாங்கப் போறேன்றான்."

"எங்கிட்ட வேற மாதிரி சொன்னாருங்களே. நான் எவ்ளவோ பேசிப் பார்த்தேன், அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னாரு. பாவம்னு நான் அன்னிக்கு முழுக்கச் சாப்புடல."

நான் எழுந்த இடத்திலேயே நின்று அவளைப் பார்த்தேன். அவள் அப்பாவும் நிமிர்ந்து அவளையே பார்த்தார். கோபப்படுவாள், அழுவாள் என்று இருவரும் காத்திருந்தோம். அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள். அப்பாவிடம் திரும்பி, "வெளிநாடு போவலன்னா போவட்டும்ப்பா. நீங்க யார்கிட்டயும் திருப்பிச் சொல்ல வேணாம், கேட்டா நானே சொல்லிக்கறேன்" என்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "அவருகிட்ட நான் சண்ட போட மாட்டேன் அத்தை. எங்கிட்ட சொன்னத நெஜமாக்கச் சொல்லுங்க. எவ்ளவோ பேசிப் பார்த்தேன்னாரே, மொதல்ல போயி பேசட்டும். அவங்க வேணாம்னு சொன்னாங்கன்னாரே, அவங்க வாயாலயே சொல்ற வரைக்கும் நிக்கட்டும்."

காபியைக் குடித்தேன். வாசல் வரைக்கும் வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, இந்த மலருக்கு உனக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "நீ சொன்னத அதுல போடட்டுமாம்மா? பேரு இல்லாம வேணா போட்டுக்கறேன்" என்றேன்.

"பேரோடயே போடுங்க அத்தை" என்றாள்.

போட்டுவிட்டேன்.

உன் அம்மா